நஞ்சு என்று எழுதியிருந்த தாள்

ஆகஸ்டு 11, ஞாயிறு

சிமெண்ட் கம்பெனிக்காரர் போன தை மாதம் கொடுத்த டைரி. அட்டையில் தங்க எழுத்து. இன்றைக்குத்தான் பிரிக்கிறேன். ஜனவரியிலிருந்து இதுவரை வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. அந்த ஏழு மாதத்தில் பூவலிங்கம் செய்த காரியங்களை எழுதப் புகுந்தால் இந்த டைரி போதாது என்பதால் அப்படியே விடுகிறேன்.

பிற்காலத்தில் படிப்பவர்களுக்காக: பூவலிங்கம் சவுண்ட் சர்வீஸ், கோவில்பட்டி. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் என் குரல் எம்.ஏ. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் கட்டுவதோடு நிற்கமாட்டேன், அறிவிப்பும் நானே. ஒரு தடவை ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோய், வெறும் தொண்டையாலேயே பத்தாயிரம் பேரை உட்காரவைத்தேன். பத்தாயிரம் இருக்காது என்று ஆவுடை அக்கா சொல்வாள். அவள் அன்றைக்கு வரவே இல்லை.

நான் இருப்பது அக்கா வீட்டில்தான். அத்தான் போனபிறகு அவளுக்கு ஒரு ஆண்துணை வேண்டுமே என்று வந்தேன். என் கடைவீட்டு ஓடு இடிந்ததால் வந்தேன் என்று அவள் சொல்வதெல்லாம் பேச்சுக்கு. அவளுடைய ஒரே மகள் செண்பகவல்லிக்கு இப்போது நாலாவது மாதம். மாப்பிள்ளை அருணகிரிக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. வாந்தி தாங்காமல் வல்லி சுருண்டுகொண்டதால் ஜூலை முதல் வாரமே இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

வந்த அன்றே என் ஏசி அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். குளிர் வீணாகக் கூடாது என்று ஜன்னல் சந்தெல்லாம் பிளாஸ்டர் ஒட்டி, கதவுக்கடியில் சாக்கு திணித்திருக்கிறேன். எறும்புக்கு வழி கிடையாது. பகலெல்லாம் நானும் உள்ளேதான், பேச்சுத்துணைக்கு. என் கதைகளைக் கேட்டு அவள் சிரிக்கிற சிரிப்பில் வயிற்றுப் பிள்ளையே குலுங்குகிறது என்கிறாள்.

ஆகஸ்டு 14, புதன்

"மாமா, இந்த இருமலை யார்ட்டயாவது காட்டக் கூடாதா?" என்றாள் வல்லி.

"மைக்காரன் தொண்டை அப்படித்தான். சிங்கத்துக்குச் சளி பிடிச்சா தும்மலா வரும்?"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். மாசி மாதம் சளியில் கொஞ்சம் கோளாறு என்று வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினேன். உள்ளூரில் என்னைத் தெரியாத ஆளே இல்லை என்பதால் வெளியூர். ஆறு மாதம் மாத்திரை என்றார்கள். அது சாதாரண ஆளுக்கு. எனக்கு இரண்டு மாதத்தில் இருமல் நின்று நாலு கிலோவும் கூடிவிட்டது. மூத்திரம் வேறு ஆரஞ்சுச் சாறு மாதிரி போனது. நாலு பேரோடு ஒதுங்க முடியவில்லை. சித்திரைக் கொடைக்குப் போன இடத்தில் மீதி மாத்திரையை அட்டையோடு ஓடையில் வீசினேன். ஆறு மாத வேலையை இரண்டு மாதத்தில் முடித்த உடம்பு.

இப்போது இருமுவது வேறு இருமல். இது தூசி.

செப்டம்பர் 2, திங்கள்

அந்த வெளியூர் ஆஸ்பத்திரிப் பெண் இன்றைக்கும் கூப்பிட்டாள். மே மாதத்திலிருந்து விடமாட்டேன் என்கிறாள்.

"பூவலிங்கம் சாரா? உங்க சளியை வளர்த்துப் பார்த்த ரிசல்ட் வந்து கிடக்கு சார். நீங்க சாப்பிட்ட மாத்திரைல ஒண்ணுக்கு உங்க கிருமி கட்டுப்படாது. மருந்தை மாத்தணும். ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

குரலை மாற்றினேன். மலையாளம் கலந்த மாதிரி. "பூவலிங்கம் துபாய் போயி மாசம் மூணாச்சு. நான் அவரு ரூம்ல தங்கியிருக்க ஆளு."

"அவர் வீட்ல சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்க யாராவது இருக்காங்களா சார்?"

"ஆருமில்லா."

வல்லி பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் மாமா என்றாள். இன்சூரன்ஸ்காரி என்றேன். அந்தப் பெண் அப்படியே நம்பிவிட்டாள். இதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

மழை. வாடகைக்குப் போன ஸ்பீக்கர் பெட்டி இரண்டு நனைந்தது. வல்லிக்கு லேசாக இருமல். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போல.

அக்டோபர் 6, ஞாயிறு

மாதாந்திரச் சோதனையில் நர்ஸம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாராம். "இந்த மாசத்துல ரெண்டு கிலோ கூடணும், இவளுக்கு ஒண்ணு குறைஞ்சிருக்கு. என்னம்மா சாப்பாடு போடுதீங்க?" திரும்பி வந்ததிலிருந்து அக்கா முட்டையும் முருங்கைக்கீரையுமாக அடுப்படியை விட்டு வரவில்லை.

"சாயங்காலமானா உடம்பு கதகதங்குது மாமா. தலையணை எல்லாம் வேர்வை" என்றாள் வல்லி.

பிள்ளை சூடு என்றேன். என் அம்மாவுக்கு நான் வயிற்றில் இருந்தபோது அவள் முதுகில் அப்பளம் காயும் என்று சொன்னேன். பாதிச் சிரிப்புதான் வந்தது. மீதியை இருமல் எடுத்துக்கொண்டது.

விளாத்திகுளத்திலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார்கள், மாப்பிள்ளையின் தாயார், சுடலைவடிவு என்று பெயர். ஒரு பாட்டிலில் லேகியம் கொண்டுவந்தார்கள், பசிக்கு நல்லதாம். அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஒத்துவராது. ஊரே விழுந்து சிரிக்கிற கதையைச் சொல்லி முடித்தாலும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அக்டோபர் 23, புதன்

வல்லி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். பிளாஸ்டர் இறுகிப்போய் வரமாட்டேன் என்கிறது.

இன்றிலிருந்து நான் அந்த அறையில் உட்காருவதில்லை. காரணம் ஒன்றும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் வேலை நிறைய இருக்கிறது, வெளியே வைத்துப் பார்த்தால்தான் வெளிச்சம்.

நவம்பர் 10, ஞாயிறு

வளைகாப்பு. எழுநூறு பேர். அக்கா நூற்றி இருபது இலைதான் போட்டேன் என்கிறாள். அவள் இலையை எண்ணுகிறாள், நான் ஆளை எண்ணுகிறேன். வாசலில் நாலு ஸ்பீக்கர், நானே அறிவிப்பு. "கோவில்பட்டி மாநகரின் குலக்கொடி" என்று எடுத்த எடுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. நாலு ஸ்பீக்கரிலும் இருமல். மைக்கில் எர்த் அடிக்கிறது என்று சமாளித்தேன். கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ. வெற்றிலை போட்டிருந்தேன்.

போட்டிருந்தேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

வளையல் போட்டது ஒரு வேடிக்கை. எந்தக் கர்ப்பிணிக்கும் வளையல் ஏறாமல் சோப்புப் போடுவார்கள். வல்லிக்குப் போட்ட வளையல் எல்லாம் முழங்கை வரைக்கும் தானாக ஓடி, கையைத் தொங்கவிட்டதும் கலகலவென்று திரும்பி வந்தது. பெண்கள் சத்தம் குறைந்துபோனது. சுடலைவடிவு அம்மாள் அவள் கையைப் பிடித்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்கள், எல்லார் முன்னாலும். பிறகு அக்காவிடம், "மதினி, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். நான் இங்கனயே தங்குதேன்" என்றார்கள்.

சபையில் இப்படியா சொல்வது என்று எனக்குக் கோபம்.

நவம்பர் 18, திங்கள்

வயிற்றுக்குக் கவசம் மாதிரி ஒன்றைக் கட்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் டிபி.

டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. கர்ப்பத்தில் அசதி, மூச்சு வாங்குவது, எடை எல்லாவற்றையும் கர்ப்பத்தின் தலையிலேயே போட்டுவிடுவதால் இந்த நோய் ஒளிந்துகொள்ளும் என்றார். மாத்திரை சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தில்லை, சாப்பிடாவிட்டால்தான் ஆபத்து என்றார்.

"வீட்ல யாருக்காவது டிபி இருந்துதா? மாத்திரை எடுத்துப் பாதியில விட்டவங்க?"

"அப்படி யாருமில்லம்மா" என்றாள் அக்கா.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று டாக்டரம்மா கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஓசூர்ல கம்பெனித் தூசி, கண்டவன்லாம் தங்குற லைன் வீடு. அங்க ஒட்டினதாத்தான் இருக்கும்" என்றேன். சொன்னபிறகு அது உண்மை மாதிரியே இருந்தது. சம்பந்தியம்மா குனிந்து வல்லியின் செருப்பை எடுத்துப் போட்டார்கள்.

நவம்பர் 20, புதன்

சீசன் நேரம் என்பதால் இனி கடையிலேயே படுக்கை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். கார்த்திகையில் எந்தச் சீசன் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

மாத்திரை தொடங்கி மூன்று வாரம். காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்கே யோசனையாக இருக்கிறதாம். முதல் சோதனையில் முக்கியமான மருந்து கேட்கும் என்று வந்ததாம். மற்ற மருந்தெல்லாம் கேட்குமா என்பது கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அவளுக்குச் சளியும் சரியாக வரவில்லை.

எனக்கு இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டது என்று வாய்வரை வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

இன்றைய நாளைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். காலையில் பனிக்குடம் உடைந்து, தை மாதம் வரவேண்டிய பிள்ளை மார்கழியிலேயே வந்துவிட்டது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன், மூக்கு அப்படியே என் மூக்கு.

அதைவிடப் பெரிய விஷயம், குற்றவாளியைக் கண்டுபிடித்தது.

நர்ஸ் ஒரு தாளோடு வந்து, "தாயோட நஞ்சை லேப்புக்கு அனுப்புறோம், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். நானே வாங்கிப் படித்தேன். அச்சில் இருக்கிறது: நஞ்சு, ஆய்வுக்கு அனுப்பச் சம்மதம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு வாரம் மாத்திரை சாப்பிட்டும் ஏன் கேட்கவில்லை, பிள்ளை ஏன் முன்கூட்டி வந்தது, எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நஞ்சு கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டிலில் என்றும் எனக்குத் தெரியும்.

சுடலைவடிவு அம்மாள் பெஞ்சில் வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள். நேரே போய் நின்றேன்.

"லேகியத்துல என்ன கலந்து கொடுத்தீங்க?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?"

"நஞ்சுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. பொம்பளப் பிள்ளைன்னு ஸ்கேன்ல எவனாவது சொல்லிட்டானா?"

மைக் இல்லாமலே அந்த வராந்தா முழுக்கக் கேட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ்காரர் வந்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை அருணகிரி ஓசூரிலிருந்து பையோடு வந்து இறங்குகிறார். அவரிடம் தாளைக் கொடுத்தேன். படித்தார். முகம் வெளுத்துப்போய்த் திரும்பி, "அம்மா, நீ என்ன கொடுத்த?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாதபடி பிடித்திருக்கிறேன். அம்பது வருஷத்துக் குரல் இன்றைக்குத்தான் ஒரு உயிருக்கு உதவியது.

டிசம்பர் 18, புதன்

நஞ்சு என்றால் விஷம் இல்லையாம்.

போலீஸ்காரர் தலைமை நர்ஸைக் கூட்டிவந்தார். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அய்யா, நஞ்சுன்னா நஞ்சுக்கொடி. வயித்துக்குள்ள பிள்ளைக்குச் சாப்பாடு போடுற சதை. பிள்ளை பிறந்தபிறகு விழும்ல, அது" என்றார். வராந்தாவில் யாரோ சிரிக்கத் தொடங்கி, அது பெஞ்சு பெஞ்சாகப் போனது.

எங்கள் வீட்டில் அதை இளங்கொடி என்போம். மாட்டுக்கும் அதுதான், மனுஷருக்கும் அதுதான். நஞ்சு என்று எழுதினால் ஒரு ஆம்பிளை என்ன நினைப்பான்? இதை நான் நியாயம் என்று எழுதுகிறேன். ஆனால் போலீஸ்காரரே "எனக்கும் தெரியாதுதான், ஆனா நான் கத்தலையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடை அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு பிரசவம் பாத்த கையி அவுக கையி. இவளை இங்க கூட்டிட்டு வந்ததே அவுகதான். என்ன காரியம்லே பண்ணிட்ட."

மாப்பிள்ளை தன் அம்மா காலடியில் உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் தலையைத் தொடவில்லை.

அந்தச் சதையை ஏன் சோதிக்கவேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், மரியாதையாகத்தான். தாயின் ரத்தத்தில் கிருமி போனால் சில நேரம் அங்கே போய்த் தங்கிவிடுமாம். தங்கினால் ரத்தம் சரியாகப் போகாமல் பிள்ளை வளராதாம், முன்கூட்டியே பிறக்குமாம். அபூர்வமாகக் கொடி வழியாகப் பிள்ளைக்கே போய்விடுமாம். "அதுக்குத்தான் பாக்குறோம். உங்க பேத்தியோட நஞ்சு ரொம்பச் சின்னது. உள்ள வெள்ளை வெள்ளையாப் புள்ளி இருந்துது."

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். நேற்று எழுதியதைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். பின்பக்கம் வாடகைக்குப் போன மைக்குகளின் விவரம் இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

நஞ்சில் டிபி இருக்கிறது.

டிசம்பர் 23, திங்கள்

வல்லியோடு பழகிய எல்லாருக்கும் சளிச் சோதனை. நான் ஓசூர் என்று சொல்லிவைத்ததால் முதலில் சம்பந்தி வீட்டார். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு சுடலைவடிவு அம்மாள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். புதன்கிழமை சிரித்த கூட்டம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. "அந்தம்மாதான்லா" என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டினாள்.

என் டப்பாவில் வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தேன். எக்ஸ்ரே வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தபோது ஒரு வேலை ஞாபகம் வந்தது.

டிசம்பர் 25, புதன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. இருமல்.

டிசம்பர் 27, வெள்ளி

எல்லாருடைய சோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. என் டப்பா செல்லாதாம், மறுபடி கொடுக்கவேண்டுமாம்.

டாக்டரம்மா அக்காவையும் மாப்பிள்ளையையும் என்னையும் வெளியே மரத்தடியில் வைத்துப் பேசினார். பிள்ளையின் வயிற்றில் குழாய் விட்டு எடுத்த நீரில் இதுவரை கிருமி தெரியவில்லை. ஆனால் நஞ்சில் இருந்ததால் சும்மா விட முடியாது, நாளைக்கே மருந்து தொடங்கவேண்டும்.

"வழக்கமா பிள்ளைங்களுக்குக் கொடுக்குற மருந்து ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கே அது கேக்கலையோன்னு எனக்குச் சந்தேகம். கேக்காத கிருமியா இருந்தா பிள்ளைக்கு அதைக் கொடுத்தும் வீண், கொடுக்காத மாதிரிதான். நஞ்சுல இருந்து எடுத்ததை வளர்த்துப் பாக்க ஆறு வாரம் ஆகும். ஒண்ணே முக்கால் கிலோப் பிள்ளைக்கு ஆறு வாரம்ங்கிறது..." அவர் முடிக்கவில்லை. "யார்ட்ட இருந்து வந்துதுன்னு தெரிஞ்சா போதும். அந்த ஆளோட பழைய ரிசல்ட் எங்கயாவது இருக்கும். அதைப் பாத்து இன்னைக்கே முடிவு பண்ணிடுவேன்."

மாப்பிள்ளை, "அப்படி யாரும் இல்லையே டாக்டர்" என்றார். அழுதுவிட்டார்.

நான் ஓசூர் லைன் வீடு என்று ஆரம்பித்தேன். குரல் வரவில்லை. சொல்ல மனசு வரவில்லை என்று எழுதினால் எனக்குக் கௌரவம். குரல்தான் வரவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 28, சனி

காலையில் சிங்கம் மாதிரி டாக்டரம்மா முன்னால் போய் நின்று, "எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, குற்றவாளி நான்தான்" என்று

இல்லை. அப்படி நடக்கவில்லை.

நடந்தது: எட்டு மணிக்குப் போனேன். டாக்டரம்மா அறைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். மூன்று தடவை என் முறை வந்தது, மூன்று தடவையும் பின்னால் இருந்தவரை அனுப்பினேன். கடைசியில் அவரே வெளியே வந்து என்ன என்று கேட்டார். போனை எடுத்து அந்த வெளியூர் ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தி, காதில் வைக்காமல் அவர் கையில் கொடுக்கப்போனேன். அதற்குள் அந்தப் பெண் எடுத்துவிட்டாள்.

"பூவலிங்கம் சார் நம்பர்தானே இது? துபாய்ல இருந்து வந்துட்டாரா?"

"பூவலிங்கம்தான் பேசுறேம்மா" என்றேன். "நான் எங்கயும் போகல. வீட்டுல கர்ப்பிணி இருந்துது. இப்ப பிள்ளை பிறந்துட்டு."

டாக்டரம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் என் ரிசல்ட் அவர் போனுக்கு வந்தது. டாக்டரம்மா நினைத்த அதே மருந்துதான். அதற்குத்தான் என் கிருமி கட்டுப்படாதாம்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"சித்திரையில."

"எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?"

"ரெண்டு மாசம்." பிறகு, "ரெண்டு மாசத்துக்கு நாலு நாள் குறைவு."

எழுதிக்கொண்டார். "போன மாசம் கேட்டப்ப சொல்லியிருந்தா அவங்களுக்கு அன்னைக்கே மாத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பிள்ளைக்கு வேறு மருந்து, வல்லிக்கு வேறு மருந்து, இரண்டும் மத்தியானத்துக்குள் தொடங்கிவிட்டார்கள். எனக்கும்தான். முகக்கவசம் போட்டுவிட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று வரும்வரை பிள்ளை பக்கம் போகக் கூடாது.

டிசம்பர் 29, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். அவள் ஏசி அறைக்குள் இருந்தாள். ஜன்னலில் இருந்த பிளாஸ்டரை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை, முடித்தபிறகும் நிறுத்தவில்லை. நகத்தில் ரத்தம். நான் உதவ வந்தேன். "வெளிய போ" என்றாள்.

வல்லி போன் பண்ணினாள். இருமிக்கொண்டுதான் பேசினாள்.

"மாமா, அன்னைக்கு ஒரு போன் வந்துச்சே. துபாய்னு மலையாளம் பேசுனீங்களே."

"ஆமா."

"வீட்ல கர்ப்பிணி இருக்காங்களான்னு கேட்டாளா அவ? ஆருமில்லான்னீங்களே, அதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் மாமா. சிரிச்சிட்டு இருந்தேன்."

ரொம்ப நேரம் இரண்டு பக்கமும் இருமல்தான். பிறகு பால் எடுத்துக் கொடுக்கிற நேரம் என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 30, திங்கள்

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில், நோயாளிகளோடு வந்தவர்கள் சாப்பிடுகிற இடத்தில், சுடலைவடிவு அம்மாளைப் பார்த்தேன். தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தள்ளியே நின்று, மன்னிக்கணும் சம்பந்தியம்மா என்றேன்.

"என்னைச் சொன்னப்ப இவ்வளவு மெதுவாவா சொன்னீங்க அண்ணாச்சி?"

கோபமாகச் சொல்லவில்லை. சட்டியைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்கள். "இந்த வாசல் வெத்தலைக் கடைக்காரிகூட இன்னும் என்னைப் பாத்துச் சிரிக்கா. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா அவளுக்கு எப்படிக் கேக்கும்?"

அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு மரத்தடியில் நின்று, கவசத்தைக் கழற்றாமலே, என் சத்தத்தில் சொன்னேன்.

"எல்லாரும் கேளுங்க. பிள்ளை பிறந்த அன்னைக்கு இந்தம்மா மேல விஷம்னு பழி போட்டது நான். இவங்க ஒண்ணும் கொடுக்கல. அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் டிபியைக் கொண்டுவந்து கொடுத்தது நான். மாத்திரையைப் பாதியில நிறுத்துனது நான். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தது நான்."

கவசத்துக்குள் குரல் சாக்கில் கட்டின மாதிரி இருந்தது. பாதியில் இருமல் வேறு. வாட்ச்மேன் விசிலடித்தார். பதினேழு பேர் இருந்தார்கள். சிலர் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வெற்றிலைக் கடைக்காரி தன் மகளைப் பிடித்து அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். அது நல்லதுதான்.

சுடலைவடிவு அம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"என் மகன் நேத்து ராத்திரி வண்டிக்கே ஓசூர் போயிட்டான். அவன் காதுல இது விழல" என்றார்கள்.

"நான் போன் பண்ணிச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. எங்கிட்டயும்தான் மன்னிச்சிரும்மான்னு நூறு தடவை சொல்லிட்டான். ஆனா ஒரு தடவை கேட்டுட்டான்ல, நீ என்ன கொடுத்தன்னு. என்னைப் பாத்து என் பிள்ளை கேட்டுட்டான். அதை நீங்க எதுல சொல்லி எடுப்பீங்க?"

அவர்கள் பதிலுக்கு நிற்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிற நேரம்.

டிசம்பர் 31, செவ்வாய்

அருணகிரிக்கு நாலு தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

ஆறு வாரத்துச் சோதனை பிப்ரவரியில்தான் முடியும். அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வல்லிக்கு இன்றைக்குக் காய்ச்சல் நூறு. நேற்று நூற்றி ஒன்று.

நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அக்கா வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், வாட்ச்மேனிடம் சொல்வது போலப் பிள்ளையின் எடையைச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு கிலோ எழுநூற்று எழுபது. பிறந்ததைவிட இருபது கிராம் கூட.

இருபதுதான்.